முளையைக் கண்டு முடிவு கட்டலாமா?



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், முளையைப் பார்ப்போரின் கண் ஒருநாளும் பிழையாது என்று அம்முதுமொழி கூறவில்லையே! போலந்து நாட்டுக் காற்பந்து வீரர் இராபர்ட் லெவன்டோவ்ஸ்கியின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

1988-ஆம் ஆண்டில் வார்சா நகரில் பிறந்த இவர், அந்நகருக்கு அருகிலுள்ள லெஷ்னோ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் ஜூடோ வீரர். தாயார் கைப்பந்து ஆட்டக்காரர். 2005-ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அப்பொழுது இவருக்கு வயது 16. அடுத்த ஆண்டிலேயே மற்றோர் இடி விழுந்தது. லெகியா வார்சா என்னும் புகழ்பெற்ற கழகத்தின் இரண்டாம் குழுவில் ஆடிவந்த அம்மெலிந்த இளைஞர் காயமுற்றார். கழகம் அவரை வேண்டாவென விடுத்தது.

அவர் மனம் தளர்ந்து மூலையில் அமர்ந்துவிடவில்லை. மூன்றாம் பிரிவில் ஆடிய ஸ்னிச் புருஷ்கூவ் என்னும் சிறிய கழகத்தில் சேர்ந்தார். 2006-07 பருவத்தில் அப்பிரிவில் மிகுதியான கோல்களை அடித்தவர் அவரே. அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவிலும் அவரே முதல்வர். பின்னர் லேக் போஸ்னான் கழகத்தில் சேர்ந்து, 2009-10 பருவத்தில் 18 கோல்களுடன் முதற்பிரிவிலும் முதலிடம் பெற்றார். படிகளைத் தாண்டிக் குதிக்காமல், ஒவ்வொன்றாகவே ஏறினார்.

2010-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்திற்குச் சென்றார். அங்கும் முதற்பருவத்தில் பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்தார். பொறுமை வீண்போகவில்லை. 2014-இல் பாயர்ன் மியூனிக் கழகத்தை அடைந்தார். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், வோல்ஃப்ஸ்பர்க் குழுவுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் களமிறங்கி, 9 நிமிடங்களில் 5 கோல்களை அடித்தார். 1971-72 பருவத்தில் கெர்டு முல்லர் நிறுவிய 40 கோல் சாதனையை, 2020-21 பருவத்தில் 41 கோல் அடித்து முறியடித்தார். 2022-இல் ஸ்பெயினின் பார்சிலோனா கழகம் அவரை வரவேற்றது. புகழின் உச்சியில் இருந்தபொழுதும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. 2017-இல் வார்சாவில் உடற்கல்விப் பட்டம் பெற்றார் என்பதை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் லெவன்டோவ்ஸ்கி ஆகிவிட முடியுமா?" எனச் சிலர் வினவலாம். முடியாதுதான். ஆனால், நாம் வேண்டுவது அதுவன்று. பெரிய கழகம் விடுத்த பிள்ளைக்குச் சிறிய கழகமொன்று கதவைத் திறந்ததே, அக்கதவையே நாம் வேண்டுகின்றோம். அது மூடியிருந்தால் இந்த 41 கோல்களும் பிறந்திரா.

நமது நெடிய ஆசிரியப் பணியில் "இப்பிள்ளை தேறாது" என நாமும் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் பொய்த்ததைக் கண்டு நாணியதும் உண்டு. ஆகவே பெற்றோர்களே, மதிப்பெண் அட்டை ஒன்றைக் கண்டு பிள்ளையின் படிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். மாணவர்களே, பள்ளிக் குழுவில் இவ்வாண்டு இடம் கிடைக்கவில்லையா? நாளை மாலையும் திடலுக்கு வாருங்கள். சிறிய திடலானாலும் அங்கே பந்து உருளும். நாமும் உங்களுடன் நிற்போம்.