'டிரையர்' என்றால் துணி காய்ந்துவிடுமா?

ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை பிடித்தால் செப்டம்பர் முடியும்வரை மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரே ஒரு குறை ஓயாமல் கேட்கும். துணி காயவில்லை என்பதே அது.

ஊரில் இந்தத் தொல்லை கிடையாது. நெல்லைச் சீமையில் ஆனி, ஆடிக் காற்றுக்குக் கொடியில் போட்ட வேட்டி அரைமணி நேரத்தில் காய்ந்து, எடுக்கத் தாமதித்தால் அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் போய்க் கிடக்கும். இங்கேயோ தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து அறையில் மூலைக்கு மூலை கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டு, அதன் அடியில் குனிந்து நடந்து, அதன் அடியிலேயே படுத்துறங்குகிறோம். மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டை ஈரம் போகாத கால்சட்டையை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுப் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கடைக்காரர், "டிரையர் வைத்த மெஷின் இருக்கிறது, மழைக்காலத்துக்கு ரொம்ப நல்லது" என்கிறார். தவணையில் எடுத்து வந்து, ஒரு சுமை துவைத்து, டிரையரிலும் போட்டு எடுத்தால் துணி ஈரமாகவே இருக்கிறது. இயந்திரம் பழுது என்று சண்டைக்குப் போனவர்கள் நம்மவர்களில் உண்டு.

இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. பெயரில்தான் கோளாறு. இரட்டைத் தொட்டியுள்ள 'செமி ஆட்டோமேட்டிக்' இயந்திரத்தில் டிரையர் என்று சொல்லப்படும் சிறிய தொட்டி துணியை உலர்த்துவதில்லை. வேகமாகச் சுழற்றிப் பிழிகிறது, அவ்வளவே. அதில் சூடும் இல்லை, வெந்நீர்க் கம்பியும் இல்லை. உண்மையாகவே சூடான காற்றால் காயவைக்கும் டிரையர் வேறு சாதனம். அதன் விலை வேறு, அது இழுக்கும் மின்சாரமும் வேறு.

ஆகவே அந்த மெய்யான டிரையரை வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, எந்த வழியில் சுற்றிப் போனாலும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட் அளவுக்கு வெப்பம் வேண்டும். இது இயற்கை விதி. சாதாரண டிரையர் ஒரு முழுச் சுமையை உலர்த்த 3 முதல் 5 யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். வாரம் மூன்று நாள் ஓட்டினால் மாதத்தில் 50 யூனிட் ஏறுவது திண்ணம். ஒரு வகை டிரையர் ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ள வேண்டும். சன்னலே ஒன்றுதான் உள்ள வீட்டில் அந்தக் குழாயை எங்கே விடுவது? வெப்ப பம்பு வைத்த புதுவகை குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பது மெய்தான். அதன் விலையைக் கேட்டால் கடைவாசலிலேயே வியர்க்கும்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே பெட்டியில் என்று விற்கும் இயந்திரத்திலும் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. துவைக்கும் அளவு 8 கிலோ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். காயவைக்கும் அளவு ஏறக்குறைய அதில் பாதிதான். அது சிறிய எழுத்தில் இருக்கும்.

இத்தனை செலவு செய்வதைவிடப் பிழிவதை நன்றாகப் பிழிய வேண்டும் என்பதே நம் கட்சி. ஐந்து கிலோ பருத்தித் துணியை முன்கதவு இயந்திரத்தில் நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியிலேயே தங்கும். 1,400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை லிட்டர்தான் தங்கும். அந்த ஒரு லிட்டர் உங்கள் அறைக் காற்றில் கலந்து சுவரில் பூஞ்சையாகவும் குழந்தையின் மூச்சில் இரைப்பாகவும் ஏறாமல் சாக்கடையோடு போய்விடும். ஐந்து நிமிடம் சுழற்ற ஆகும் மின்சாரம் யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

இங்கேதான் கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டி பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் ஓடும். அதைவிட விலை கூடிய, மேலே மூடி வைத்த முழுத் தானியங்கி இயந்திரங்கள் பல 700 சுற்றுப் பக்கம்தான் ஓடுகின்றன. தொட்டியின் அகலமும் கணக்கில் சேரும் என்பதால் வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. என்றாலும், ஏழைக்கு ஏற்ற இயந்திரம் பிழிவதில் யாருக்கும் இளைத்ததில்லை. துணியைக் கொஞ்சமாகப் போட்டு, தொட்டிக்குள் சமமாக அமுக்கி, இரண்டு தடவை சுழற்றுங்கள். பிறகு கயிற்றில் துணிக்குத் துணி கையகல இடைவெளி விட்டுப் போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, சன்னலை ஒருசாண் திறந்து வையுங்கள். உத்தரத்தில் கப்பி போட்டு ஏற்றி இறக்கும் கம்பிக் கொடியும் இங்கே எல்லாச் சந்தையிலும் கிடைக்கிறது. அனல் எப்போதும் மேலே தங்குவதால் அங்கே துணி சீக்கிரம் காயும்.

ஐந்தாறு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குத் துவைக்கும் தொட்டியே வேண்டியதில்லை. பிழியும் இயந்திரம் மட்டும் தனியாகவும் விற்கிறது. கையால் அலசி அதில் பிழிந்துகொள்ளலாம். அறையை மாற்றும்போது ஒருவரே தூக்கிப் போய்விடலாம்.

நிற்க. எந்த இயந்திரம் என்பதை முடிவு செய்வது உங்கள் பணப்பையைவிட உங்கள் வீட்டுத் தண்ணீர்தான்.

முழுத் தானியங்கி இயந்திரம் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே குழாயிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதற்குக் குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும், ஓரளவு அழுத்தமும் இருக்க வேண்டும். முன்கதவு இயந்திரங்கள் பலவற்றுக்குத் தொட்டியின் அடியிலிருந்து குழாய்வரை 10 அடி உயரமாவது வேண்டும். பரண்மேல் வைத்த பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மூன்றடி கீழே இறங்கும் தண்ணீரை அது தண்ணீராகவே மதிக்காது; கோளாறு என்று விளக்கைக் காட்டி நின்றுவிடும். கட்டிடத்தின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். சின்ன பம்பு ஒன்றைச் சேர்த்தால் சரியாகும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் தண்ணீர் வருவது நாளைக்கு ஒரு வேளை, இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். ஏரிகள் வற்றினால் மாநகராட்சி அதிலும் கை வைக்கும். 2024 ஜூனில் 10 சதவீதம் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட வீட்டில் வாளியால் ஊற்றினாலும் ஓடும் செமி ஆட்டோமேட்டிக்தான் பொருத்தம். அதில் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தலாம். வெள்ளைத் துணி முதலில், நிறத் துணி அடுத்து, அழுக்குச் சட்டையும் மிதியடித் துணியும் கடைசியில் என்று ஒரே சோப்புத் தண்ணீரில் மூன்று சுமை துவைக்கும் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு ஆகும்.

டோம்பிவிலி, கல்யாண், மீரா ரோடு பக்கம் சொந்தமாக பிளாட் வாங்கி, மேல்தொட்டித் தண்ணீர் நாள் முழுவதும் வரும் வீட்டில் இருப்பவர்களின் கணக்கு வேறு. அங்கே கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களானால் முழுத் தானியங்கி இயந்திரமே சரி. செமி ஆட்டோமேட்டிக் ஒன்றரை மணி நேரம் ஆளைப் பக்கத்தில் நிற்கவைக்கும். ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றச் சொல்லும். முன்கதவு வகை தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், துணியையும் கிழிக்காது. ஆனால் எடை 60 கிலோவுக்கு மேல். 11 மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் வாடகைக்காரர் அதை மூன்று மாடி ஏற்றி இறக்கும் கூலியை நினைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்திறங்கியதும் பின்புறம் உள்ள போக்குவரத்துத் திருகாணிகளைக் கழற்றாமல் ஓட்டினால் அது அறைக்குள் கரகாட்டம் ஆடும்.

விலை விவரம் சுருக்கமாக. செமி ஆட்டோமேட்டிக் சுமார் 10,000 ரூபாய், மேல்மூடி வகை 15,000க்கு மேல், முன்கதவு வகை 25,000க்கு மேல். கிலோ என்று எழுதியிருப்பது காய்ந்த துணியின் எடை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 7 கிலோ தாராளம். 9 கிலோ வாங்கச் சொல்வது வியாபாரம். "ஜி.எஸ்.டி. குறைந்ததால் விலை குறைந்தது" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: சலவை இயந்திரத்துக்கான வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2018 ஜூலையில். 2025 செப்டம்பரில் அது மாறவில்லை. வட்டியில்லாத் தவணை என்பதும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வீட்டுக்கு வீடு இலவச வாஷிங் மெஷின் தருவதாக அறிக்கை விட்டது. ஆட்சி கிடைக்கவில்லை, மெஷினும் வரவில்லை. வந்திருந்தாலும் மகாராஷ்டிர ரேஷன் அட்டை வைத்திருக்கும் நமக்கு யார் தரப் போகிறார்கள்!

இனி, எங்கே வைப்பது? மோரிக்குப் பக்கத்தில்தான், வேறு இடம் ஏது? செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர் தானாக வடிய வேண்டும். தள்ளிவிட பம்பு இருக்காது. மோரியின் கட்டு உயரமாக இருந்தால் குழாய் அதன்மேல் ஏறாமல் தண்ணீர் அடியில் தேங்கும். அரை அடி உயர ஸ்டாண்டு வாங்கி, குழாய் கீழ்நோக்கியே போகும்படி வையுங்கள். எலி ஏறாமல் அடித்தட்டைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஊர் எலிகளுக்கு ஒயர் என்றால் முறுக்கு மாதிரி.

எல்லாவற்றையும்விட முக்கியம் 'எர்த்'. பழைய சால் கட்டிடங்களில் எத்தனையோ அறைகளில் இரண்டு கம்பிதான் வருகிறது, மூன்றாவது கம்பி கிடையாது. பிளக்கின் தடித்த கால் குழிக்குள் நுழையவில்லை என்று அதை வெட்டியெறிந்து சொருகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத் தரை, வெறுங்கால், ஈரக்கை, எர்த் இல்லாத இரும்புப் பெட்டி. இந்த நான்கும் சேரும் இடத்தில் நிற்பது நம் வீட்டுப் பெண்தான். தரையில் கிடக்கும் நீட்டுப்பெட்டியிலிருந்து இயந்திரத்தை ஓட்டவே கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் இழுக்கச் சொல்லுங்கள். கசிவு வந்த மாத்திரத்தில் மின்சாரத்தை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சையும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் செலவை ஏற்க மறுத்தால் வாடகையில் கழிக்கக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இயந்திரம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

"மெஷின் காலர் அழுக்கை எடுக்காது, கைத்துவைப்புக்கு ஈடாகாது" என்று சொல்லும் ஆண்களும் உண்டு. கையால் துவைப்பவர் அவர்களாக இருப்பதில்லை. காலரில் சோப்பைத் தேய்த்து அரைமணி ஊறவைத்துப் போட்டால் அழுக்குப் போகும். விடியற்காலை நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஐந்து பேர் துணியைக் குத்துக்காலிட்டு அடித்துப் பிழிந்து, பிறகு சமையலுக்கும் வேலைக்கும் போகும் பெண்ணின் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் 10,000 ரூபாய் பெரிய விலையாகத் தோன்றவில்லை. அதே சமயம், அந்த இயந்திரத்துக்கும் வாளி வாளியாக ஊற்றுவது அவர்தான் என்றால் பாதி வேலைதான் குறைந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது, துணியைத் தொட்டி மாற்றுவது, கயிற்றில் போடுவது எல்லாம் மீசை வைத்தவர்களாலும் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குத் தோதான வேளை.

மழைக்கு முன்பே, மே மாதத்தில் வாங்குங்கள். ஜூன் கடைசியில் போனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தித் தரும் ஆளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். புறப்படும்போது மோரி ஓரத்து இடத்தின் நீள அகலத்தையும், வாசல்கதவின் அகலத்தையும், மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். 7 கிலோ இரட்டைத் தொட்டி இயந்திரம் சுமார் 80 சென்டிமீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் இருக்கும். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.