அட்டைப் படத்தில் அம்மாவின் நிறம்

தொப்பூரில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறோம். கோடை விடுமுறையில் கையெழுத்து இதழ் ஒன்று கொண்டுவருவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கவிதை, விடுகதை, பாட்டி சொன்ன கதை என்று உள்ளே போட வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. அட்டைப் படம் வரையும் பொறுப்பை எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள். "உங்க அம்மாவையே வரை பாப்பா" என்றேன். அவள் அம்மா புளி தட்டும் வேலைக்குப் போகிறவர்.

மறுநாள் படம் வந்தது. புடவை, மூக்குத்தி, மடியில் குவிந்த புளியங்காய் எல்லாம் அப்படியே இருந்தன. முகம் மட்டும் இளஞ்சிவப்பு. கிரேயான் பெட்டியில் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று சொல்வார்களே, அந்தக் குச்சியால் தீட்டியிருந்தாள். "அம்மா இந்த நிறமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கண்ணா, எங்கம்மா கருப்பு. ஆனா அட்டையில போடற முகம் இப்பிடித்தானே இருக்கும்?"

அப்படி ஒரு சட்டத்தை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கிருந்து தெரிந்தது என்று யோசித்தால், என் சின்ன வயதில் பார்த்த சினிமா இதழ்களின் அட்டைகளில் போய் நிற்கிறேன்.

இரண்டு நிமிடக் கணக்கு

என் தலைமுறைக்கு அந்த அட்டைகளைக் காட்டியது பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடை. சேலத்துக்கும் தருமபுரிக்கும் போகிற பேருந்துகள் அங்கே ஓரிரு நிமிடம்தான் நிற்கும். கணவாய் இறங்கி வந்த லாரிக்காரர்கள் டீ குடிக்க நிறுத்துவார்கள். கடை முகப்பில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, ஒன்றை ஒன்று பாதி மறைக்கும்படி இதழ்கள் தொங்கும். பேருந்து புறப்படுவதற்குள், பத்தடி தூரத்திலிருந்து, ஜன்னலோரம் இருப்பவரை இறங்கி வந்து வாங்க வைக்க வேண்டும். அட்டையின் வடிவமைப்பு எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

பெயர் ஏன் மேலே இருக்கிறது? ஒரு இதழை இன்னொன்று மறைத்தாலும் மேல்விளிம்பு தெரியும் என்பதால். எழுத்து ஏன் பெரும்பாலும் சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கிறது? தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது அவைதான் என்பதால். நடுவில் ஒரே முகம், பின்னால் வெறும் நிறம். கண்கள் நேராக நம்மைப் பார்க்கும். நம்மைப் பார்க்கிறவரை நாமும் திரும்பிப் பார்ப்போம் அல்லவா? சில அட்டைகளில் நடிகையின் தலை இதழின் பெயரில் ஒரு எழுத்தையே மறைத்துவிடும். ஓர் எழுத்து போனாலும் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்கிற இதழ்தான் அதைத் துணிந்து செய்யும். ஓரத்தில் கேள்விக்குறியோடு பாதிச் செய்தி இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் காசு.

1940களில் வந்த 'பேசும் படம்', 1966இல் தொடங்கிய 'பொம்மை' போன்ற சினிமா இதழ்களும், நடிகைகளின் முகத்தை அட்டையில் போட்ட குமுதம் முதலான வார இதழ்களும் இந்த வித்தையில் தேர்ந்தவை. அதில் உழைப்பும் கலையும் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

வாசலில் நின்று பார்த்தவர்கள்

காசில்லாதவர்களுக்குக் கிடைத்தது அட்டை மட்டும்தான். எங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. சினிமா இதழ்கள் சும்மா படிக்கக் கிடைக்கும் இடம் முடிதிருத்தும் கடை. எங்கள் பக்கத்தில் ஒரு கடையின் பெஞ்சில் அவை குவிந்து கிடக்கும். எங்களுக்கு அங்கே முடி வெட்ட மாட்டார்கள். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எங்களை உட்கார வைத்தால் மற்றவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. எனவே வெளியே நின்று அட்டையைப் பார்ப்பதோடு சரி. முடி வெட்டிக்கொள்ள அப்பா என்னைத் தருமபுரிக்கு அழைத்துப் போவார். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது.

தருமபுரிக் கடையில்தான் முதன்முதலாக ஒரு சினிமா இதழைக் கையில் எடுத்துப் பிரித்தேன். பெரிய ஏமாற்றம். அட்டையில் இருந்த வண்ணம் உள்ளே இல்லை. சாணித்தாளில் மங்கலான கருப்பு வெள்ளைப் படங்கள். இருந்த வண்ணத்தை எல்லாம் அட்டைக்கே கொடுத்திருந்தார்கள். அந்த வண்ணம் யாருடைய முகத்துக்குப் போனது என்ற கேள்வி கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு வந்தது.

ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி என்று கருப்பு நாயகர்களைத் தமிழ் சினிமா ஏற்றுக்கொண்டது. நாயகிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர மற்ற எல்லோரும் சிவப்பாகவே இருந்தார்கள். அட்டைக்கு வந்ததும் அந்தச் சிவப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

திரையில் நின்றதற்கே அடி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி பி.கே. ரோசி, ஒரு தலித் பெண். அதில் அவர் நாயர் பெண்ணாக நடித்தார். பொறுக்க முடியாத ஆதிக்க சாதியினர் திருவனந்தபுரத்தில் திரையின் மீது கல் எறிந்தார்கள். அவர் வீட்டையும் கொளுத்தினார்கள். ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்தார், பிறகு பெயரை மாற்றிக்கொண்டு நாகர்கோவில் பக்கம் வாழ்ந்தார் என்று அவர் கதையைத் தேடிப் போனவர்கள் சொல்கிறார்கள். அந்தப் படச்சுருளும் இன்று இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் அவர் ஓவியத்தை வைத்தது. உலகமே பார்க்கிற ஒரு அட்டைக்கு அவர் வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது.

கருவிக்குள்ளும் இருந்த பாகுபாடு

"கருப்பு முகம் அச்சில் எடுபடாது, அதனால்தான் போடுவதில்லை" என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950கள் முதல் புகைப்படக் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று அர்த்தம். கருப்பு முகங்கள் நிழலாக விழுந்தது பற்றி அந்த நாட்டில் அதிகம் பேர் கவலைப்படவில்லை. மர அறைகலன் செய்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டார்கள். அதன் பிறகே பிலிம் மேம்பட்டது. மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது.

இன்று அந்தச் சாக்கும் செல்லாது. அச்சகத்தில் இருப்பவை நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகள். இவற்றைக் கலந்தே எந்த மனிதரின் நிறத்தையும் கொண்டுவர முடியும். எந்த நிறம் வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர்தான். பாஸ்போர்ட் அளவு படம் எடுக்கப் போனால், நம்மைக் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார்கள். மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ் பேனரில் இருக்கும் பெண்ணை அவள் பெரியம்மாவுக்கே அடையாளம் தெரிவதில்லை. சினிமா இதழ்கள் குறைந்துபோனாலும் அந்த அட்டையின் கண் நம் செல்போனுக்குள் குடியேறிவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதிக்கு நிறம் கிடையாது. எல்லாச் சாதியிலும் கருப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. ஆனால் சிவப்பு உயர்வு, கருப்பு தாழ்வு என்ற நினைப்பும் சாதியும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத்தான் நிற்கின்றன. "பார்த்தா அந்தச் சாதி மாதிரி தெரியலையே" என்று நம் பிள்ளைகளிடம் பாராட்டுப் போலச் சொல்கிறார்களே, அந்த வாக்கியத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம்.

நம் முன்னோர் போட்ட முகப்பு

படமே இல்லாமல் வாசகரை நிறுத்தும் வித்தை நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லை வசையாக எறிந்தார்களோ அதையே எடுத்து, 'பறையன்' என்று இதழின் முகப்பில் வைத்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நான் யார், என் விலை என்ன, யார் வாங்க முடியும் என்ற மூன்றையும் அந்தப் பெயரே சொல்லிவிட்டது. தமிழ் இலக்கியம் படித்த எனக்கு வகுப்பறையில் இந்த இதழ்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளியே தேடிப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்கக் கருப்பின மக்களும் வெள்ளையர் இதழ்களின் அட்டையில் இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. 1945இல் ஜான் எச். ஜான்சன் சிகாகோவில் 'எபனி' இதழைத் தொடங்கித் தம் மக்களின் முகங்களை அட்டையில் போட்டார். அமெரிக்க 'வோக்' இதழின் அட்டையில் பெவர்லி ஜான்சன் என்ற கருப்பினப் பெண் முதன்முதலாக வந்தது 1974இல்தான். தமிழ் சினிமாவும் இப்போது கொஞ்சம் அசைகிறது. 'காலா', 'பரியேறும் பெருமாள்' போன்ற படங்கள் 2018இல் வந்து, நம் தெருவின் முகங்களையும் திரையின் நடுவில் நிறுத்தின. என்றாலும் கருப்பு நாயகி வேண்டுமென்றால் சிவப்பு நடிகைக்கு மை பூசும் வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஒரு அட்டையையோ சுவரொட்டியையோ பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் என் கண் எங்கே போனது? அங்கே போக வைத்தது எது? என் தெருவில் இருக்கிற யார் இதில் இல்லை? ஆசிரியர்கள் இதை ஓவிய வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். 'ஸ்கின் கலர்' என்று ஒரு குச்சியைக் காட்டுகிற பிள்ளையிடம், "யாருடைய ஸ்கின்?" என்று கேட்டாலே போதும்.

அந்தப் பெண்ணிடம் நான் படத்தை மாற்றச் சொல்லவில்லை. "அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை பார்" என்று மட்டும் சொன்னேன். பழுப்புக் குச்சியின் மேல் சிவப்பைத் தேய்த்து, கொஞ்சம் கருப்பும் சேர்த்து, நான்கு தாளை வீணாக்கி, ஐந்தாவது தாளில் அந்த நிறத்தைப் பிடித்துவிட்டாள். இதழின் பெயரை மேலே சிவப்பில் எழுதி, அம்மாவின் கொண்டை ஒரு எழுத்தை மறைக்கும்படி வரைந்திருந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெளியீட்டுக்கு அவள் அம்மாவும் வந்திருந்தார். வேலை விட்டு நேராக வந்ததால் விரல்களில் புளியின் கறை இருந்தது. இதழைக் கையில் வாங்கவே தயங்கினார். "என்னையப் போயி அட்டையில போட்டிருக்கியேடி" என்று மகளைக் கடிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். இருந்தது ஒரே பிரதிதான். தருமபுரிக்குப் போய் அட்டையை மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். கடைக்காரர் "கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.