டுபாய் கூடத்தில் நமது படம், நமது கூலி எங்கே?



டுபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட், ஜெர்மனியின் கொலோன் நகரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அனுகா, பாரிஸின் சியால். உணவும் பானமும் விற்கும் உலகத்து வியாபாரிகள் கூடுகிற சந்தைகள் இவை. அங்கே இலங்கைக்கென்று ஒரு கூடம் போடுவார்கள். வாளேந்திய சிங்கச் சின்னம் தொங்கும். கீழே கோட்டுப் போட்ட கனவான்கள். பின்னால் சுவர் அளவுக்கு ஒரு படம். படத்தில் நாம்: கூடையோடு, பொட்டோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. படத்துக்கு மட்டும்தான் நமக்கு அனுமதி.

இது பழைய பழக்கம். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் தோட்டத்துரைமார் தேநீர் மண்டபம் அமைத்துப் பத்து லட்சம் பொதிகள் விற்றதாக இன்றும் பெருமை பேசுகிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த சனத்தின் பிள்ளைகள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பொதிகளுக்குக் கணக்கு இருக்கிறது.

நாமும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறித்தால் ஆலையில் வாடி, அரைபட்டு, காய்ந்து ஏறக்குறைய 4 கிலோ தூள் வரும். பைக்கு 2 கிராம் வீதம் போட்டால் 2,000 தேநீர்ப் பைகள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த நாட்சம்பளம் 1,550 ரூபா, வரவுக் கொடுப்பனவு 200, மொத்தம் 1,750. பறித்த கைக்கு ஒரு பைக்கு ஒரு ரூபா கூட விழவில்லை. அந்த 200ஐயும் கம்பெனி தரவில்லை, அரசாங்கம் தருகிறது! 2024இல் தேயிலை ஏற்றுமதி கொண்டு வந்தது சுமார் 143 கோடி அமெரிக்க டொலர்.

கண்காட்சி இல்லாவிட்டால் ஓடர் இல்லை, ஓடர் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை என்பார்கள். சரி, நாம் கண்காட்சிக்கு எதிரிகள் இல்லை. ஆனால் 2010இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்று ஏற்றுமதிக் கிலோவுக்கு மூன்றரை ரூபா வரி போட்டார்களே, அந்தக் கிலோ யார் முதுகில் இறங்கி வந்தது?

முள்ளிவாய்க்காலில் இதை வாசிக்கும் குடும்பங்கள், தேயிலை மலையோடு போன கதைதானே என்று நினைக்கலாம். எழுபதுகளின் பட்டினியிலும், 1977, 1983 கலவரங்களிலும் லயத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நம்மவர்கள். காடு வெட்டினார்கள், கூலிக்கு வயல் செய்தார்கள். 2009இல் இந்த மணலில் மற்றவர்களோடு சேர்ந்து செத்தார்கள். எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி தொடங்கியது. அப்போது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் இன்னும் பல்லாயிரம் பேர் வரிசையில் சோற்றுக்கு நின்றார்கள். அந்தக் கண்காட்சி இன்றும் வருடாவருடம் நடக்கிறது. நாளைக்கு நந்திக்கடல் இறாலும் பனங்கட்டியும் இதே மாதிரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும். சுவரில் நம் வலைகாரரின் சிரிப்பு ஏறும். கரையில் அவருக்குக் கொடுத்த விலை ஏறாது.

எந்தக் கூடத்திலும் வைக்காத ஓர் உணவு இந்த ஊருக்கு உண்டு: அரிசி, தண்ணீர், உப்பு. அந்தக் கஞ்சியைக் காய்ச்சி ஊற்றியதற்காக 2024 மே மாதம் சம்பூரில் பெண்களைக் கைது செய்தார்கள். உணவுக்கு உலகமெங்கும் கடை விரிக்கிற அரசின் பொலிஸ்தான் அது.

நாம் கேட்பது இவ்வளவுதான். தேயிலைச் சபையும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர், அதுவும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், இருக்க வேண்டும். நமது படம் போடும் கூடத்தில் நமது நாட்சம்பளத்தையும் எழுதி வைக்க வேண்டும். பிரசார வரியில் என்ன சேர்ந்தது, எங்கே செலவானது என்ற கணக்கைத் தமிழிலும் வெளியிட வேண்டும். வடக்கின் கண்காட்சிகளில் வன்னிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வாடகையில்லாத கடை தர வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளோடு மனு அனுப்பப் போகிறோம். தோட்டத்தில் இருப்பவர்கள் இம்மாத நிறுவைச் சீட்டையும் சம்பளத் துண்டையும் எறியாமல் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதையும் பின்பக்கத்தில் எழுதுங்கள்.