"நீங்கள்" அல்ல, "நாம்"!

கொதிக்கிற வெந்நீர்! அதில் ஒரு மனிதர் காலை வைத்துவிட்டார். தோல் வெந்து கொப்புளம் கிளம்பியது. ஆனால் அவருக்கு வலிக்கவே இல்லை.

வலி இல்லை என்றால் யாரும் மகிழ்ச்சி அடைவார்கள். அவரோ திடுக்கிட்டார். தொழுநோய் தம்மையும் பிடித்துவிட்டது என்பதை அவர் புரிந்துகொண்டார்.

இது நடந்தது 1884-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அந்த மனிதர்தான் தமியான் பாதிரியார்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

ஐரோப்பாவில் பெல்ஜியம் என்று ஒரு சிறிய நாடு. அங்கே திரெமெலோ என்ற கிராமத்தில், 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி தமியான் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. பெற்றோர் வைத்த பெயர் ஜோசப்.

அவருடைய அண்ணனும் பாதிரியார். பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்த் தீவுகளுக்கு அண்ணன் போவதாக இருந்தது. புறப்படும் நேரத்தில் அவர் நோயில் விழுந்தார். "அவருக்குப் பதில் நான் போகிறேன்" என்று தம்பி அனுமதி கேட்டு வாங்கினார். 1864-ல் ஹவாய் போய்ச் சேர்ந்தார்.

இன்று ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாநிலம். அன்று அது தனி ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. 1865-ல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. நோய் கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

மொலோக்காய் என்ற தீவில் அதற்கு இடம் பார்த்தார்கள். மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம் சுமார் 2,000 அடி உயரத்துக்குச் செங்குத்தான மலை. பூட்டே வேண்டாத சிறைச்சாலை! தாயிடமிருந்து பிள்ளையையும், கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்து அங்கே இறக்கினார்கள்.

அங்கே போக நான்கு பாதிரியார்கள் முன்வந்தார்கள். முறை வைத்து மாறி மாறிப் போவது என்று ஏற்பாடு. முதல் முறை தமியானுடையது. 1873-ம் ஆண்டு மே 10-ந் தேதி போய் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. தங்க வீடு இல்லை. தாழை இனத்து மரம் ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டார்.

அடுத்தவருக்கு முறையே வரவில்லை. தமியான் அங்கேயே தங்கிவிட்டார்!

ஒரே ஒரு சொல்

என்ன செய்தார் அவர்? புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். மரம் அறுத்து வீடு கட்டினார். குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்கு விடுதி அமைத்தார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்து, குழியும் வெட்டினார்.

இவை எல்லாம் பெரிய சேவைதான். ஆனால் இவற்றை எல்லாம்விடப் பெரியது அவர் பேசிய ஒரே ஒரு சொல் என்று நான் சொல்வேன்.

பிரசங்கம் செய்யும்போது அவர் "நோயாளிகளே" என்று அழைக்கவில்லை. "தொழுநோயாளிகளாகிய நாம்" என்றே சொன்னார். மொலோக்காய் போய் ஆறு மாதத்தில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அப்போது அவர் உடம்பில் நோய் இல்லை. அது தெரிந்தது பதினோரு ஆண்டுகள் கழித்து!

தமிழில் "நாங்கள்" என்று ஒரு சொல் உண்டு. "நாம்" என்று ஒரு சொல் உண்டு. "நாங்கள்" என்றால் எதிரே நிற்பவர் சேர்த்தி இல்லை. "நாம்" என்றால் அவரும் நம்மில் ஒருவர். ஹவாய் மக்களின் மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. ஆகவே அந்தச் சொல்லின் அருமை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஊரே "அவர்கள்" என்று ஒதுக்கியது. ஒரு மனிதர் மட்டும் வந்து "நாம்" என்றார்!

அவர் ஒருவர்தானா?

இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். தமியான் வருவதற்கு முன்பே, நோய் இல்லாத மனைவிமாரும் கணவன்மாரும் சிலர் தம்மவரைப் பிரிய மனம் இல்லாமல் கூடவே வந்திருந்தார்கள். அவர்களை ஹவாய் மக்கள் "கோகுவா" என்று அழைத்தார்கள். துணை செய்பவர் என்று பொருள். அவர்கள் பெயர்கள் பலவற்றை உலகம் மறந்துவிட்டது. தமியானைப் போற்றும்போது அவர்களையும் சேர்த்துப் போற்றுவதே நியாயம்.

தமியான் 1889-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, 49-வது வயதில், அந்த நோயாலேயே இறந்தார். முன்பு தாம் படுத்திருந்த அதே மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

அமெரிக்காவின் பாராளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதை வைத்தது 1969-ல். நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் சட்டத்தை ஹவாயில் நீக்கியது எந்த ஆண்டு தெரியுமா? அதே 1969-தான்! நோயைக் குணப்படுத்தும் மருந்து வந்து பல ஆண்டுகள் ஆன பிறகே சட்டம் நீங்கியது. மருந்து முந்திக்கொண்டது. மனிதர் மனம் பிந்திவிட்டது.

நம் வீட்டில் என்ன செய்வது?

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று நம் சட்டங்களில் இருந்தது. அதை நீக்கியது 2019-ல்தான். உலகத்தில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள்.

தமியானைப் போல நாம் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஓர் ஆண்டோ விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய பிறகு நோய் பிறருக்குத் தொற்றுவதும் விரைவில் நின்றுவிடும்.

தோலில் தேமல் தெரிகிறதா? அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மறைக்காதீர்கள். மறைத்தால் விரல் போகும், கண்ணும் போகலாம். நோயை மறைக்கச் செய்வது எது? அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள் யார்? நாம்தான்!

தமியான் உடலை 1936-ல் பெல்ஜியத்துக்குக் கொண்டு போனார்கள். 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் மொலோக்காய் மண்ணுக்குத் திருப்பிக் கொண்டு வந்து புதைத்தார்கள். புண்ணைக் கழுவிய கை அல்லவா? அந்த மக்களுக்கே அது சொந்தம்.

நல்லவர்களுக்கு மாலை போடுவது சுலபம். தமியானுக்கு நாம் செய்யும் மரியாதை வேறு. நோய் கண்டவருக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள். தனித் திண்ணை காட்டாதீர்கள். "வாருங்கள், நாம் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லுங்கள்.