எழினி தானே ஆடினால்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்று திரைகளைச் சொல்கிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மூன்றும் ஆடுபவளுக்காகக் கட்டப்பட்டவை. திரையே ஆடத் தொடங்கினால் என்னாகும் என்பதை 2009இல், தஞ்சை வட்டாரக் கல்லூரி ஒன்றில் இதே காதையை நடத்தியபோது நாம் கண்டோம்.

ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில் நாட்டியப் பதிவொன்றை ஓட்டினோம். சாளரத்தை இழுத்தால் வாழையிலைபோல் நெளிந்தது. பணிமேடை கனசதுரமாகச் சுழன்றது. மாணவர்கள் கைதட்டினர். ஆனால் ஆடுபவரின் இடுப்புக்கு மேலே ஒரு கணமும் கீழே மறு கணமுமாகப் படம் கிழிந்தது. சாளரம் நகர, படம் மட்டும் பழைய இடத்தில் நீலக் கட்டமாய் நின்றது. 'இலவசமென்றால் இப்படித்தான்' என்றது ஒரு குரல். ஆண்டு முடிவதற்குள் ஆய்வகம் விலைகொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்குத் திரும்பிவிட்டது.

அத்தீர்ப்பு அநியாயமானது என்பதே நம் வாதம்.

நடந்தது இதுதான். அக்காலத்தில் காணொளி இயக்கி, படங்களை வரைகலை அட்டைக்கு நேரே அனுப்பும். பணிமேடை அலங்காரங்களை இயக்கினாலோ, ஒவ்வொரு சாளரமும் முதலில் மறைவான நினைவகத்தில் வரையப்பட்டு, பின்னரே தொகுப்பி அவற்றை ஒன்றாக்கித் திரைக்கு அனுப்பும். சாளரம் ஒரு வழியிலும் படம் வேறு வழியிலும் சென்றதால் வந்ததே நீலக் கட்டம். நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும் திரை பாதி வரையப்பட்டிருக்கையில் அடுத்த படம் நுழைந்தால் கிழிசல். முறை தவறி மடை திறந்தால் மேல்மடைக்கும் கடைமடைக்கும் என்ன நேருமென்று காவிரிப் பாசனக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த அலங்காரத்தைத் தந்த காம்பிஸ் 2006இல் நாவெல் நிறுவனத்திலிருந்து வந்தது. அவ்வாண்டே சூசே லினக்ஸின் நிறுவனப் பதிப்பில் இடம்பெற்றது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை நோக்கி நகர்ந்த காலமும் அதுவே. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது; 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் ஏறியது. கட்டற்ற மென்பொருள் எளிய வீட்டுப் பிள்ளைகளின் மேசைக்கு வந்த அப்பொழுதில், அதன் பெயரைக் கெடுக்க ஒரு கனசதுரம் போதுமானதாயிருந்தது.

ஆர்வலர்கள் சொல்வார்கள்: 'அமைப்பைப் பார்க்காதது ஆசிரியரின் குற்றம்.' ஐயா, விளக்கக் கூட்டங்களில் கனசதுரத்தைச் சுழற்றிக் காட்டிய நீங்கள், அதை நிறுத்தும் இடத்தைக் காட்டினீர்களா? தோற்ற அமைப்பில் 'காட்சி விளைவுகள் வேண்டாம்' என்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான் மருந்து. அதைத் தமிழில் அரைப்பக்கம் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்ட ஒருவரும் இல்லை. நாமும் தப்ப முடியாது. கணினி வேறு துறையின் வேலை என்று ஒதுங்கி நின்றோம். மாணவரோடு சேர்ந்து கைதட்டவும் செய்தோம்.

வேலாண்டு வழியில் தொகுப்பியே திரையின் பொறுப்பை ஏற்று முழுப் படமாகவே அனுப்புவதால், இந்நோய் இன்று பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் நம் ஆய்வகங்களில் பழைய கணினிகள் இன்னும் ஓடுகின்றன. எக்ஸ்எஃப்சிஇ பணிமேடையாயின் சாளர மேலாளர் நுணுக்கங்களில் தொகுப்பியை நிறுத்துங்கள். கேடிஈயின் எக்ஸ் அமர்வாயின் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விஎல்சியில் காணொளி வெளியீட்டு முறையை மாற்றிப் பாருங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பொதுப்பணத்தில் வாங்கும் கணினியில் அலங்காரம் அணைந்தே வரட்டும், வேண்டுவோர் ஏற்றிக்கொள்ளட்டும். மாதவி ஆட வந்திருக்கிறாள். முதலில் திரையை விலக்குங்கள்.