செத்த நாய் திரும்பி வராது

முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி, தம் வீட்டு நாய் ஜூனி 2023-இல் இறந்த முந்தைய நாய் லூவாவின் குளோன் என்று 2025 நவம்பரில் அறிவித்தார். குடும்பத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்துவிட்டதாம். குளோனிங் செய்து கொடுத்த நிறுவனத்தில் அவரே முதலீட்டாளர் என்பது இருக்கட்டும். கேட்ட நாமும் அல்லவா செத்தது எழுந்து வந்ததாகத் தலையாட்டுகிறோம்! இந்த மூடநம்பிக்கைக்கு 2001 டிசம்பரிலேயே டெக்சாஸில் ஒரு பூனைக்குட்டி பதில் சொல்லிவிட்டது. ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டையில் வைத்துப் பிறப்பித்த சிசிதான் உலகின் முதல் குளோன் பூனை. ரெயின்போவின் ஆரஞ்சுத் திட்டு ஒன்றுகூடச் சிசியின் மேல் இல்லை. ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஏதோ ஒன்று அணைந்துவிடும்; திட்டுத் திட்டாக நிறம் வருவது அதனால்தான். எடுத்த செல்லில் அணைந்திருந்த எக்ஸ், குட்டியிலும் விழிக்கவில்லை என்பதே அறிவியலாளர் தரும் விளக்கம்.

நிறம் போனால் போகிறது, குணம் அதேதானே என்பார்கள். ஒரே மரபணுத் தொகுதியை வைத்துக்கொண்டு ரோமத்தின் நிறத்தையே காப்பாற்ற முடியவில்லை. கருப்பையும் தீனியும் வளர்ப்பும் சேர்ந்து உருவாக்கும் குணத்தைக் காப்பாற்ற முடியுமா? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் எந்தக் குளோனையும்விட நெருங்கிய நகல்கள். அண்ணன் வாங்கிய கடனுக்கு யாரும் தம்பியின் சட்டையைப் பிடிப்பதில்லை. குளோன் சீக்கிரமே கிழடுதட்டிச் செத்துவிடும் என்று இன்னொரு கூட்டம். 2003-இல் குளோன் ஆடு டாலியின் சாவுக்குக் காரணம் வைரஸால் உண்டான நுரையீரல் கட்டி. அதே செல்வரிசையில் பிறந்த நான்கு ஆடுகள் நல்லபடியாக மூப்படைந்ததை 2016-இல் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: டாலி ஒன்றுக்காக 277 முட்டைகளில் முயல வேண்டியிருந்தது. மனிதக் குளோன் குழந்தை வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும், ஹிட்லரின் குளோன் படை கிளம்பும் கதையெல்லாம் வேண்டாம்.

அந்தக் கதைகளால்தான் மருத்துவம் அடிவாங்கியது. குழந்தை உண்டாக்காமல், நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து சிகிச்சைக்கான திசு வளர்க்கும் ஆராய்ச்சியையும் சேர்த்தே 2005-இல் ஐ.நா. பிரகடனம் தடுக்கச் சொன்னது. எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. 2013-இல் ஒரெகனில் அதே முறையில் மனிதக் குருத்தணுக்களைப் பெற்றுக் காட்டினார்கள். 1962-இல் உயிரியலாளர் கர்டன் வெளியிட்ட தவளைச் சோதனை, முதிர்ந்த செல்லின் உட்கருவும் கருநிலைக்குத் திரும்பும் என்று காட்டியது. 2006-இல் ஆய்வாளர் யமனகா முட்டையே இல்லாமல் அதைச் சாதித்தார். இருவருக்கும் 2012-இல் நோபல். 2024 மார்ச்சில் பாஸ்டனில் மனிதருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் 69 மரபணுத் திருத்தங்கள். திருத்திய செல்லைப் பன்றியாக்கியது குளோனிங். இதைக் கேட்டு வியக்க ஆளில்லை, நாய்க்கு 50,000 டாலர் கொடுக்க ஆளிருக்கிறது! நம் ஊர் மட்டும் என்ன? பிற்காலத்தில் பிள்ளையைக் காக்கும் என்று தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் உறைய வைக்கிறோம். மரபணுக் கோளாறு என்றால் அந்த இரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். சொந்த உபயோகத்துக்கான இந்தச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் பிரசவ வார்டு வாசலிலேயே விண்ணப்பம் நீட்டுகிறார்கள், தவணை வசதியோடு.