தேரையும் ஆஃப்பாயிலும்

தென்காசியிலிருந்து கடையம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் தோரணமலை வரும். மேலே முருகன், கீழே டீக்கடை. 'இங்கே என்ன அண்ணாச்சி விசேஷம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டீ ஆறிவிடும், கதை ஆறாது.

"உலகத்துல மொதமொதல்ல மண்டையத் தொறந்து ஆபரேஷன் பண்ணினது இங்கனதாம்லா!"

கதை இதுதான். ஒரு ராஜாவுக்குத் தீராத தலைவலி. தூங்கும்போது மூக்கு வழியாகப் புகுந்த தேரைக்குஞ்சு உள்ளேயே வளர்ந்துவிட்டதாம். அகத்தியர் கபாலத்தைத் திறக்கிறார். தேரை மூளையைக் கவ்விக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினால் ராஜா காலி. குருவே முழிக்க, பக்கத்தில் நின்ற சிஷ்யப்பிள்ளை ஒரு சட்டியில் தண்ணீரைக் கொண்டுவந்து சளசளவென்று அளைந்தான். தேரை ஒரே தாவு, சட்டிக்குள்! அன்றிலிருந்து பையன் பெயர் தேரையர்.

நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பி.காம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சிஷ்யன் கத்தியைத் தொடவே இல்லை. உள்ளே இருப்பது இன்ன ஜந்து என்று தெரிந்துகொண்டான், அவ்வளவுதான். அது பல்லியாக இருந்திருந்தால் தண்ணீர்ச் சட்டி என்ன பிரயோஜனம்?

சரித்திரத்துக்கு வருவோம். 1884 நவம்பரில் லண்டனில் 25 வயசு வாலிபன் ஒருவனுக்கு வலிப்பு, கை கால் பலவீனம். எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 11 வருஷம் இருக்கிறது. பெனட் என்ற டாக்டர் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு, 'கட்டி இந்த இடத்தில்' என்று சொன்னார். காட்லி என்ற சர்ஜன் திறந்தார். சொன்ன இடத்திலேயே இருந்தது! பையன் சுமார் நாலு வாரத்தில் தொற்று வந்து இறந்துபோனான் என்பது வேறு சோகம். நம் பக்கம் 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி.ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார்கள். 1971-ல் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன். இடம் தேடும் பிரச்னை பெரும்பாலும் தீர்ந்தது. இனம்?

இங்கேதான் என் சிநேகிதன் வருகிறான். 29 வயசு, செங்கோட்டையில் கணக்கு எழுதுகிறவன். காலையில் எழுந்ததும் தலைவலி, கூடவே வாந்தி. ஊரில் ஆளாளுக்கு வைத்தியம். "நல்லா எண்ணெய் தேச்சுப் பழைய குத்தாலத்துல தலையைக் காட்டுலே, எல்லாம் இறங்கிரும்." காட்டினான். சாரல் சீசன் முழுக்கக் காட்டினான். அப்புறம் லெட்ஜரில் எழுத்து மங்க ஆரம்பித்தது. கண்ணாடி மாற்றலாம் என்று கண் டாக்டரிடம் போனான். அவர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். கண் நரம்பின் முனை வீங்கியிருக்கிறது. "கண்ணாடி கிடக்கட்டும் தம்பி, மொதல்ல தலையை ஸ்கேன் எடு." அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ரிப்போர்ட்: 'ஒலிகோடெண்ட்ரோகிளையோமாவாக இருக்கலாம்.' இந்த வகையின் செல்களுக்கு நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றிலும் வெள்ளை வட்டம். சாட்சாத் ஆஃப்பாயில்! நான் சொல்லவில்லை, உலகம் பூராவும் டாக்டர்களே பொரித்த முட்டை என்றுதான் சொல்கிறார்கள். மூளைக்குள் வேர் விட்டுப் பரவுகிற ரகம். கதிர்வீச்சு, மருந்து என்று பின்னாலேயே நீண்ட பில் வரும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த வீடு அப்படியே அமைதியாகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மட்டும் விடவில்லை. கட்டி இருந்தது மூளைக்குள் நீர் நிற்கும் அறையில். இந்த வயசு, இந்த இடம், இந்த ஆஃப்பாயில்... மூன்றும் சேர்ந்தால் வேறொரு ஆள் உண்டு. சென்ட்ரல் நியூரோசைட்டோமா. 1982-ல் பிரான்சில் அஸ்ஸூன் என்பவர் குழுவினர் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் இது தனி இனம் என்றார்கள். அதுவரை ஒலிகோ என்ற தலைப்பிலேயே பற்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அபூர்வம், வந்தால் பெரும்பாலும் இளவட்டங்களுக்கு. சினாப்டோஃபைசின் என்று ஒரு சாயச் சோதனை, நரம்பு செல் என்றால் பளிச்சென்று ஏறும். ஏறியது. முழுசாக எடுத்துவிட்டால் பலருக்கு அதோடு சரி, அவ்வப்போது ஸ்கேன் போதும்.

அதே கட்டி, அதே தலை. பெயர்தான் மாறியது.

இப்போது பெயர் வைக்கிற முறையே மாறிவிட்டது. பார்வையை மட்டும் நம்பாமல் ஜீனையும் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஆரம்பித்து, 2021 பட்டியலில் இன்னும் இறுக்கிவிட்டது. ஐ.டி.எச். என்ற ஜீனில் பிழை இருந்தால் ஒரு குடும்பம், இல்லாவிட்டால் வேறு. இளைஞர்களின் கிளையோமாவில் இந்தப் பிழை அதிகம். இதற்கான சாதாரண சாயச் சோதனை பத்தில் ஒன்பதுதான் பிடிக்கும். 55 வயசுக்கு மேல் என்றால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடலாம். சின்ன வயசில் 'இல்லை' என்று வந்தால் ஜீனையே படித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சும்மா பெயர் வைக்கிற ஆசைக்காக இல்லை. இந்தப் பிழை உள்ள இரண்டாம் கிரேடு கட்டிகளுக்கென்றே வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெயர் தப்பென்றால் மாத்திரையும் தப்பு.

ஆக, உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், 'இருக்கலாம்' என்ற வார்த்தையைத் தேடுங்கள். இருந்தால், "ஜீன் சோதனை ஆச்சா டாக்டர்?" என்று பவ்யமாகக் கேளுங்கள். கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது. இன்னொரு ஆஸ்பத்திரியின் அபிப்பிராயத்துக்கு அதைத்தான் அனுப்புவார்கள், எழுதிக் கொடுத்தால் நம்மிடமே தருகிற இடங்களும் உண்டு.

சிநேகிதனுக்குத் தந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. அவன் அம்மா அதை மஞ்சள் பையில் சுற்றி, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கும் இரண்டு பவுன் சங்கிலிக்கும் நடுவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஆறு மாசத்துக்கொரு தடவை அவன் ஸ்கேனுக்குத் திருநெல்வேலி கிளம்பும்போது மட்டும் பீரோவைத் திறந்து, இருக்கிறதா என்று ஒரு பார்வை.

"வெயில் காலத்துல உருகிருமாலே?" என்று போன வாரம் என்னிடம் கேட்டார்.

உருகாதும்மா, அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீங்க என்றேன்.